பல்லே முளைக்கலை... அதுக்குள்ள பல் டாக்டரா?

பிறந்து பத்து நாள்கூட ஆகாத குழந்தையைப் பல் டாக்டரிடம் காட்டச் சொன்னால் எந்தப் பாட்டிதான் சும்மா இருப்பார்? ‘பொக்கை வாய்ப் பச்சைப் புள்ளைக்குப் பல் டாக்டர் என்னத்தைப் பார்க்கப் போறாரு?’ என்றுதான் கேட்பார்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால், உதடு பிளந்தோ, வாயின் மேற்கூரையான அண்ணம் பிளந்தோ பிறந்த குழந்தைக்குப் பல் டாக்டரின் வேலை, பல் முளைத்த பிறகு ஆரம்பிப்பதில்லை. முதல் வாரத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது! இது தெரியாமல், ‘மூணு மாசம் கழிச்சு ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க, அப்ப பார்த்துக்கலாம்’ என்று வீட்டிலேயே இருந்துவிடும் பெற்றோர் நிறையப் பேர். அந்த மூன்று மாதமும் திரும்பக் கிடைக்காத காலம். ஏன் என்று பார்ப்போமா?

கிரகணமா காரணம்?

உலகம் முழுக்கச் சுமார் 700 குழந்தைகளில் ஒன்று இந்தக் குறையோடு பிறக்கிறது. இந்தியாவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 30 ஆயிரம் குழந்தைகள். ஆக, ‘நமக்கு மட்டும் ஏன் இப்படி?’ என்று அழ வேண்டியதில்லை. பிறவிக் குறைகளில் அதிகம் காணப்படுபவற்றில் இதுவும் ஒன்று.

குழந்தையைப் பார்த்ததுமே நம் வீடுகளில் கிளம்பும் முதல் பேச்சு, ‘கிரகணத்தன்னைக்கு கத்தியை எடுத்துக் காய் நறுக்கினாளாம்... அதான்!’ என்பது. கடல் கடந்த மெக்சிகோ நாட்டிலும் கிரகணத்தைக் காரணம் சொல்லும் நம்பிக்கை உண்டு. ஆனால், உண்மை என்ன?

கருவில் முகம் உருவாகும்போது வலது, இடது, நடு என்று தனித்தனி மேடுகளாக வளர்ந்து, பிறகு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மேல் உதடு ஒட்டுவது கர்ப்பத்தின் 4-வது வாரத்திலிருந்து 7-வது வாரத்துக்குள். அண்ணம் ஒட்டுவது 6-லிருந்து 9-வது வார வாக்கில். அந்த ஒட்டு சரியாக விழாவிட்டால், அந்த இடம் பிளவாக நின்றுவிடுகிறது. ‘நாள் தள்ளிப் போயிருக்கே’ என்று பல பெண்கள் சந்தேகப்பட ஆரம்பிக்கும் நேரத்தில், உதடு உருவாகும் வேலையே நடந்துகொண்டிருக்கும். பிறகு ஐந்தாம் மாதத்தில் வந்த கிரகணம் எப்படி உதட்டை வெட்டும்?

பரம்பரைக் கூறுகளும், கர்ப்பகாலச் சூழ்நிலையும் சேர்ந்துதான் இது வருகிறது. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய், புகை, மது, வலிப்பு நோய்க்கான சில மாத்திரைகள் ஆகியவை ஆபத்தைக் கூட்டும். (வலிப்பு மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். கர்ப்பம் தரிக்கும் முன்பே டாக்டரிடம் சொன்னால் வேறு மருந்துக்கு மாற்றித் தருவார்.) பல குழந்தைகளுக்கு இதுதான் காரணம் என்று எதையும் சுட்டிக்காட்ட முடிவதில்லை. எனவே மருமகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை முதலில் நிறுத்துங்கள். அழுது அழுது சாப்பிடாமல் கிடக்கும் தாய்க்குப் பாலும் குறையும். அந்தப் பால்தான் இப்போது குழந்தைக்கு முதல் மருந்து.

எடைதான் ஆபரேஷனுக்கு டிக்கெட்

உதட்டைச் சேர்த்துத் தைக்கும் ஆபரேஷனுக்கு டாக்டர்கள் பல ஆண்டுகளாக ஒரு ‘பத்துக் கணக்கு’ வைத்திருக்கிறார்கள். குழந்தைக்குப் பத்து வாரம் நிறைந்திருக்க வேண்டும்; எடை பத்துப் பவுண்டு, அதாவது ஏறக்குறைய நாலரைக் கிலோ இருக்க வேண்டும்; ரத்தத்தில் ஹீமோகுளோபின் பத்துக் கிராம் இருக்க வேண்டும். மயக்க மருந்தைக் குழந்தை தாங்க வேண்டும் அல்லவா? பால் சரியாக உள்ளே போகாமல் எடை ஏறவில்லை என்றால் ஆபரேஷன் தள்ளிப்போகும்.

உதட்டில் மட்டும் பிளவு உள்ள குழந்தை பெரும்பாலும் தாயிடமே குடித்துவிடும். பிளவு மார்பில் அழுந்தும்படி கொஞ்சம் பொருத்திப் பிடித்தால் போதும். அண்ணத்தில் பிளவு இருந்தால்தான் சிரமம். உறிஞ்சுவதற்கு வாய்க்குள் காற்று இறுக்கம் வேண்டும். ஓட்டை உள்ள ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சிப் பாருங்கள், வருமா? அதே கதைதான். குழந்தை மார்பில் வாய் வைத்து வேலை செய்வது போலத் தெரியும். ஆனால், வயிற்றுக்குள் போவது கொஞ்சம்தான். களைத்துத் தூங்கிவிடும். ‘குடிச்சிட்டுத் தூங்குது’ என்று நாம் நினைத்துக்கொள்வோம்!

இப்படிப்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சிக் கொடுங்கள். நம் பாட்டிமார் பயன்படுத்திய பாலாடை இதற்கு நல்ல சாதனம். கொதிநீரில் போட்டு எடுத்த பாலாடையின் மூக்கைக் கீழுதட்டு ஓரத்தில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, விழுங்கிய பிறகு அடுத்த வாய் கொடுக்க வேண்டும். அழுத்தினால் பால் வரும் மெத்தென்ற பாட்டில்களும், இதற்கென்றே செய்த நிப்பிள்களும் கிடைக்கின்றன. எதில் கொடுத்தாலும் சில விஷயங்கள் பொது.

குழந்தையைப் படுக்க வைத்துக் கொடுக்கக் கூடாது. தலை உயர்ந்து, பாதி உட்கார்ந்த நிலையில் மடியில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். காற்றும் சேர்ந்து போகும் என்பதால் நடுநடுவே தோளில் போட்டு ஏப்பம் விட வைக்க வேண்டும். ஒருவேளைப் பாலை அரை மணி நேரத்துக்குள் முடிக்கப் பாருங்கள். அதற்கு மேல் இழுத்தால், குடித்த பாலின் சக்தி குடிக்கிற உழைப்பிலேயே செலவாகிவிடும்.

மூக்கு வழியாகக் கொஞ்சம் பால் வந்தால் பதறாதீர்கள். துடைத்துவிட்டு, நிமிர்த்திப் பிடித்து, சற்று நிறுத்தித் தொடருங்கள். ஆனால், குழந்தை நீலம் பாரித்தாலோ, ஒவ்வொரு முறையும் புரையேறினாலோ, மூச்சு வாங்கி வியர்த்தாலோ, ஒரு நாளைக்கு ஆறு முறைக்கும் குறைவாகச் சிறுநீர் கழித்தாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும். வாரம் ஒரு முறை எடை பாருங்கள். முதல் மூன்று மாதங்களில் வாரத்துக்கு 150-லிருந்து 200 கிராம் ஏறினால் நிம்மதி.

கீழ்த்தாடை மிகச் சிறியதாக உள்வாங்கி, அண்ணத்திலும் பிளவு இருக்கும் சில குழந்தைகளுக்கு நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கும். அவர்களை எப்படிப் படுக்க வைப்பது, எப்படிப் பால் கொடுப்பது என்பதை ஆஸ்பத்திரியிலேயே கற்றுக்கொண்ட பிறகுதான் வீட்டுக்கு வர வேண்டும்.

வாய்க்குள் ஒரு பிளேட்

இப்போது பல் டாக்டரிடம் வருவோம். அவர் செய்வது என்ன?

குழந்தையின் மேல்வாயை அளவெடுத்து, பல் செட் செய்யும் அதே அக்ரிலிக்கில் சின்னதாக ஒரு பிளேட் செய்கிறார். ஒரு வகை, அண்ணத்து ஓட்டையை மூடும் வெறும் மூடி. பால் மூக்குக்கு ஏறுவதைக் குறைக்கும். ஆனால், பிளேட் போட்டதும் குழந்தை மற்ற குழந்தைகள் போல உறிஞ்சிக் குடித்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். மேலே சொன்ன பாலாடையும், நிமிர்ந்த நிலையும் பிளேட் போட்ட பிறகும் வேண்டும்.

இன்னொரு வகை, வடிவம் மாற்றும் பிளேட். பிளந்த ஈறுகளை வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றையொன்று நோக்கி நகர்த்தும். 1950-களில் ஸ்காட்லாந்து பல் டாக்டர் மெக்நீல் இந்த யோசனைக்கு வழி போட்டார். 1993-ல் அமெரிக்காவின் நியூயார்க்கில் டாக்டர் பேரி கிரேசனும் அவருடன் பணியாற்றியவர்களும் அதிலிருந்து ஒரு படி முன்னேறி, சப்பையான மூக்கையும் சேர்த்துத் தூக்கும் சிறு கொம்பு ஒன்றைப் பிளேட்டில் பொருத்தினார்கள். இன்று நம் ஊர் மையங்கள் பலவற்றிலும் இது செய்யப்படுகிறது.

முதல் வாரத்திலேயே ஏன் போக வேண்டும் என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. தாயின் உடலிலிருந்து வந்த ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன், பிறந்த சில வாரங்கள் வரை குழந்தையின் ரத்தத்தில் இருக்கும். அதன் தயவில் குழந்தையின் குருத்தெலும்பு, பிசைந்த மாவு போல வளைந்து கொடுக்கும். நாள் ஆக ஆக ஹார்மோன் குறைந்து, குருத்தெலும்பு இறுகிவிடும். எனவே முதல் இரண்டு வாரத்துக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம். வாரத்துக்கு அதிகபட்சம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் பிளேட்டில் மாற்றம் செய்வார்கள். ஒரு பக்கப் பிளவுக்கு மூன்று, நான்கு மாதம். இரு பக்கப் பிளவுக்கு ஐந்து, ஆறு மாதம்கூட ஆகலாம். இடைவெளி குறைந்த பிறகு தைத்தால் இழுத்துப் பிடித்துத் தைக்க வேண்டியதில்லை.

எல்லா மையங்களிலும், எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தப் பிளேட் போடுவதில்லை. சிறிய பிளவுக்கு உதட்டின் குறுக்கே பிளாஸ்திரி ஒட்டுவதே போதும் என்று டாக்டர் சொல்லலாம். வாராவாரம் பஸ் ஏறி வர முடியாத தூரத்தில் நீங்கள் இருந்தால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். பிளேட் போட்டுக்கொண்டு வராமலே இருப்பது, போடாமல் இருப்பதைவிட மோசம்.

‘அளவெடுக்கும்போது புள்ளை கத்துதே’ என்று தாய்மார் கலங்குவார்கள். கத்தட்டும்! மயக்க மருந்து இல்லாமல், விழித்திருக்கும் குழந்தைக்குத்தான் அளவெடுப்பார்கள். அழுகைச் சத்தம் கேட்கிறது என்றால் மூச்சுப் பாதை திறந்திருக்கிறது என்று அர்த்தம். அளவெடுப்பதற்கு எவ்வளவு நேரம் முன்பு பாலை நிறுத்த வேண்டும் என்பதை மட்டும் கேட்டு, அதன்படி கொண்டுபோங்கள். வயிறு நிறைய இருந்தால் வாந்தி புரையேறும்.

பிளேட்டைப் பார்த்துக்கொள்வது எப்படி?

தினமும் கழற்றி, மெல்லிய பிரஷ்ஷாலும் சோப்பாலும் கழுவி, நன்றாக அலசிப் போடுங்கள். வெந்நீர் வேண்டாம், வளைந்துவிடும். கழற்றும்போதெல்லாம் டார்ச் அடித்து வாய்க்குள் பாருங்கள். சிவந்தோ, வெள்ளையாகப் புண் போலவோ இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். அவர் பிளேட்டின் அந்த இடத்தைத் தேய்த்துக் கொடுப்பார். நீங்களே பிளேடு, அரம் எடுத்துத் தேய்க்காதீர்கள்.

கன்னத்தில் பிளாஸ்திரியை வெடுக்கென்று பிய்க்காமல், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஊற வைத்து எடுக்க வேண்டும். பிஞ்சுத் தோல் புண்ணாகாமல் இருக்க, அடியில் ஒட்டும் தனி ஒட்டுப்பட்டை கிடைக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். குழந்தைக்கு மூச்சுத் திணறினால் முதலில் பிளேட்டைக் கழற்றிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

‘அந்த இடத்தைத் தொடவே பயமா இருக்கே!’

பல தாய்மார் சொல்லும் வார்த்தை இது. பயத்தில் குழந்தையின் வாயைச் சுத்தம் செய்வதையே விட்டுவிடுவார்கள். பிளவு என்பது புண் அல்ல. தொட்டால் வலிக்காது. பால் குடித்த பிறகு, கொதித்து ஆறிய நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியை விரலில் சுற்றி, ஈறுகளையும் பிளவின் ஓரங்களையும் மெதுவாகத் துடைத்துவிடுங்கள். பால் திரிதிரியாகத் தங்காமல் இருக்கும். வாயில் கை படுவது குழந்தைக்கும் பழகிவிடும். பின்னால் பிரஷ் வைக்கும்போது அடம் பிடிக்காது.

பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பது, நாக்கில் தேன் தடவுவது, சூப்பானைத் தேனில் தோய்த்துக் கொடுப்பது... இவை எந்தக் குழந்தைக்குமே வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் ‘பாட்டுலிசம்’ என்ற ஆபத்தான நச்சு நோய் வரலாம். பிளவுள்ள குழந்தைக்குப் புரையேறும் அபாயமும் சேர்ந்துகொள்ளும்.

சில குழந்தைகள் பிறக்கும்போதே பிளவின் ஓரத்தில் ஒரு பல்லோடு பிறப்பதுண்டு. ‘பல்லோடு பிறந்தா குடும்பத்துக்கு ஆகாது’ என்று வீட்டிலேயே நூல் கட்டிப் பிடுங்கும் வேலை வேண்டாம். ஆடி விழுந்து மூச்சுக்குழாய்க்குள் போகும்படி இருந்தால் டாக்டரே எடுத்துவிடுவார். கெட்டியாக இருந்தால் விட்டுவிடுவார்.

முதல் பல் எட்டிப் பார்த்ததும்...

பிளவின் பக்கத்தில் பற்கள் தாமதமாக முளைக்கலாம். திரும்பி, கோணலாக வரலாம். முன்பற்களில் இரண்டாவது பல் அந்தப் பக்கம் இல்லாமலே போகலாம், அல்லது ஒன்றுக்கு இரண்டாக முளைக்கலாம். பல்லின் மேல்பூச்சான எனாமல் மெலிந்து, வெள்ளைத் திட்டோடு வரலாம். நெரிசலில் உணவு தங்கும். மெலிந்த எனாமலைச் சொத்தை சீக்கிரம் பிடிக்கும். அதனால்தான் இந்தக் குழந்தைகளுக்குப் பல் பராமரிப்பு ஒரு மடங்கு கூடுதலாக வேண்டும்.

முதல் பல் வந்த அன்றே சின்னப் பிரஷ்ஷும் வர வேண்டும். ஃபுளோரைடு கலந்த பேஸ்ட், ஓர் அரிசி மணி அளவு மட்டும். மூன்று வயதுக்குப் பிறகு பட்டாணி அளவு. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களைப் போல நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமுள்ள ஊர்க்காரர்கள் பேஸ்ட் பற்றிப் பல் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மேல் உதட்டைக் கட்டைவிரலால் லேசாகத் தூக்கிப் பிடித்துத் தேய்த்தால்தான் பிளவை ஒட்டிய பல் சுத்தமாகும். உதட்டுத் தழும்பு இறுக்கமாக இருப்பதால் அந்தப் பல்தான் எப்போதும் தப்பித்துக்கொள்கிறது!

பாலும் பாட்டிலுமாகத் தூங்க வைப்பதை நிறுத்துங்கள். ‘பாவம், குறையோட பிறந்த புள்ளை’ என்று ஆளாளுக்கு வாங்கித் தரும் சாக்லேட், பிஸ்கட்தான் இந்தப் பற்களின் முதல் எதிரி. இனிப்பான சிரப் மருந்து கொடுத்த பிறகும் வாயைத் துடைத்துவிட வேண்டும். முதல் பிறந்தநாளுக்குள் முதல் பல் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். சில குழந்தைகளுக்கு இதயத்திலும் குறை இருக்கும். அவர்களுக்குச் சொத்தைப் பல் கிருமி ரத்தம் வழியாக இதயத்தைத் தாக்கும் ஆபத்து உண்டு. எனவே இதயக் குறை இருப்பதைப் பல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

‘பால் பல்தானே, பிடுங்கிடுங்க’

இந்த வார்த்தையை மட்டும் சொல்லாதீர்கள். ஈறு எலும்பிலேயே பிளவு உள்ள குழந்தைக்கு, ஏறக்குறைய 8 வயதிலிருந்து 11 வயதுக்குள், பெரும்பாலும் இடுப்பு எலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து அந்த இடைவெளியில் வைத்து நிரப்புவார்கள். அந்தப் புது எலும்பின் வழியாகத்தான் நிலையான கோரைப் பல் இறங்கி வர வேண்டும். பல் இருக்கும்வரை அதைச் சுற்றியுள்ள எலும்பும் இருக்கும். பல் போனால் எலும்பும் கரையும். வாய் நிறையச் சொத்தையும் சீழுமாக இருந்தால், வைத்த எலும்பில் கிருமி தொற்றி, அது பிடிக்காமல் போகலாம். ஆக, ஒன்றரை வயதில் நீங்கள் தேய்த்துவிடும் ஒரு பால் பல், ஒன்பது வயது ஆபரேஷனுக்கு இன்றே செய்யும் ஏற்பாடு. பிளவை ஒட்டிய எந்தப் பல்லையும், கூடுதலாக முளைத்த பல்லாக இருந்தால்கூட, ஆபரேஷன் செய்யும் டாக்டரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

எந்த வயதில் என்ன?

பிறந்த முதல் இரண்டு வாரம்: குழந்தை நல டாக்டர், பிளவுச் சிகிச்சை மையம், பல் டாக்டர். பால் கொடுக்கும் முறையைக் கற்றுக்கொள்வது, பிளேட் வேண்டுமா என்று முடிவு செய்வது. காது கேட்கும் சோதனையும் முக்கியம்.

3 முதல் 6 மாதம்: உதட்டு ஆபரேஷன். தையல் ஆறும்வரை அந்த இடத்தை எப்படித் துடைப்பது என்று கேட்டு, அதன்படி மட்டும் செய்யுங்கள்.

9 முதல் 18 மாதம்: அண்ணத்து ஆபரேஷன். பேச்சு பழகும் முன் இது முடிந்தால் நல்லது. இல்லையென்றால் மூக்கால் பேசும் பழக்கம் ஊறிவிடும். ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரங்களுக்குக் கூழ் போன்ற உணவு மட்டும். ஸ்பூன், பொம்மை, முறுக்கு எதுவும் வாய்க்குள் போகக் கூடாது.

1 வயதிலிருந்து: ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல் பரிசோதனை. அண்ணம் பிளந்த குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் கோப்பது சகஜம். காதையும் அவ்வப்போது காட்ட வேண்டும். பேச்சுப் பயிற்சியும் தேவைப்படலாம்.

8 முதல் 11 வயது: எலும்பு வைத்தல், பல் கிளிப். தாடை வளர்ச்சி நின்ற பிறகு, 17, 18 வயது வாக்கில், தேவைப்பட்டால் தாடை ஆபரேஷன்.

செலவுக்கு எங்கே போவது?

‘இத்தனை ஆபரேஷனுக்கு நாங்க எங்கே போவோம்?’ என்று மலைக்க வேண்டாம். 2013-ல் மத்திய அரசு தொடங்கிய ‘ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்த்ய காரியக்ரம்’ என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் சேர்க்கப்பட்டுள்ளன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அல்லது மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் கேட்டால் வழி சொல்வார்கள். 1999-ல் தொடங்கப்பட்ட ‘ஸ்மைல் டிரெயின்’ என்ற தொண்டு நிறுவனமும் இந்திய ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இந்த ஆபரேஷன்களை இலவசமாகச் செய்ய உதவுகிறது. கேட்கும்போது இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள்: ‘இங்கே பல் டாக்டரும் குழுவில் இருக்காரா? பேச்சுப் பயிற்சி கொடுப்பீங்களா?’ உதட்டைத் தைத்து அனுப்புவதோடு இந்தச் சிகிச்சை முடிவதில்லை.

அடுத்த குழந்தை?

பெற்றோருக்குப் பிளவு இல்லாமல், ஒரு குழந்தைக்கு மட்டும் இருந்தால், அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு நூற்றில் சுமார் மூன்றிலிருந்து ஐந்துதான். அதாவது, நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் வராது. வேறு குறைகளும் சேர்ந்திருந்தால் கணக்கு மாறும், டாக்டரைக் கேளுங்கள். கர்ப்பத்துக்கு முன்பே ஃபோலிக் ஆசிட் மாத்திரை, சர்க்கரைக் கட்டுப்பாடு, புகை இல்லாத வீடு... இவை அடுத்த குழந்தைக்கு நீங்கள் செய்யக்கூடிய நல்லவை. ஐந்தாம் மாத ஸ்கேனில் உதட்டுப் பிளவு பெரும்பாலும் தெரிந்துவிடும். அண்ணத்தில் மட்டும் உள்ள பிளவு பல சமயம் தெரியாது. ஆகவே, குழந்தை பிறந்ததும் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பால் குடிக்காமல் இளைத்துக்கொண்டே போகும் குழந்தைக்கு, வெளியே உதடு அழகாக இருந்தாலும், உள்ளே ஓட்டை இருக்கலாம்.

உங்கள் தெருவில், உறவில் இப்படி ஒரு குழந்தை பிறந்திருந்தால், ‘ஐயோ பாவம்’ என்று உச்சுக்கொட்டிவிட்டு வராதீர்கள். ‘பல் டாக்டரைப் பார்த்தாச்சா?’ என்று கேட்டுவிட்டு வாருங்கள். இரண்டு வாரத்துக்குள் கேட்டால் அந்தக் குழந்தைக்குப் பெரிய உதவி.